பென்சில் நீளத்தில் ஒரு கார்: பரண் மேல் கிடக்கும் மாடல் கிட்டைத் தொடும் முன்...

அம்பாசடர் காரின் நீளம் சுமார் 4.3 மீட்டர். அதை 24-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் 18 சென்டிமீட்டர் வரும். இன்னும் சீவாத புதுப் பென்சிலின் நீளம். மாருதி 800 அதைவிடக் குட்டி. 14 சென்டிமீட்டர்தான், உள்ளங்கையில் உட்கார்ந்துகொள்ளும். இப்படி நிஜக் காரை அளவு பிசகாமல் சுருக்கி, பாகம் பாகமாகப் பிளாஸ்டிக்கில் வார்த்து, 'நீங்களே ஒட்டிக்கொள்ளுங்கள்' என்று பெட்டியில் போட்டுக் கொடுப்பதுதான் ஸ்கேல் மாடல் கிட்.

உருட்டி விளையாடுகிற பொம்மை என்று நினைத்துக் குழந்தையிடம் கொடுத்தால் அரை மணி நேரத்தில் கண்ணாடி ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம் கிடக்கும். இது கத்தியும் பசையும் பெயின்டும் பொறுமையும் கேட்கிற வேலை. அமெரிக்காவின் ஏஎம்டி நிறுவனம் 1958-ல் ஒரே பெட்டியில் மூன்று விதமாகச் செய்துகொள்ளக்கூடிய கார் கிட்களை விற்க ஆரம்பித்தது. ஷோரூமில் நிற்பதைப் போலவும் செய்யலாம், ரேஸ் காராகவும் மாற்றலாம், ஒரேயடியாக அலங்கரித்தும் நிறுத்தலாம். உபரி பாகங்களைப் பெட்டியிலேயே போட்டிருந்தார்கள். இஷ்டப்படி மாற்றிச் செய்கிற பழக்கம் அதிலிருந்துதான் சூடு பிடித்தது. ஜப்பானின் ஷிசுவோகா நகரில் 1946-ல் மர வியாபாரமாகத் தொடங்கிய டமியா நிறுவனம், பிற்பாடு துல்லியம் என்றால் இதுதான் என்று உலகத்துக்கே காட்டியது.

நம் ஊரில், இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த 1991-க்கு முந்தைய வருடங்களில் இவற்றைக் கடையில் பார்ப்பதே அபூர்வம். சிங்கப்பூர் மாமாவோ துபாய் சித்தப்பாவோ பெட்டியில் கொண்டுவந்தால்தான் உண்டு. வந்த வேகத்தில் ஒட்ட ஆரம்பித்து, சரியான பசை இல்லாமல், விளக்கத் தாளும் புரியாமல், பாதியில் மூடி வைத்த பெட்டிகள் எத்தனையோ. அவைதான் வீட்டை மாற்றும்போதும் வெள்ளை அடிக்கும்போதும் பரணில் இருந்து இறங்குகின்றன.

எதையும் கழற்றிப் பார்த்துத் திரும்பப் பூட்டுவதில் கோயமுத்தூருக்கு ஒரு தனிக் கிறுக்கு உண்டு. சூலூர் பக்கம் கலங்கலில் பிறந்த ஜி.டி.நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் ஓட்டல் வேலை பார்த்துக் காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அதை வாங்கி, அக்கக்காகக் கழற்றி மாட்டிய கதை இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிற கதை. அவர் குடும்பத்தார் அவிநாசி ரோட்டில் 2015-ல் திறந்த ஜீடி கார் மியூசியத்தில் பழைய கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. மாடல் செய்கிறவர்களுக்கு அது ஒரு பாடப்புத்தகம். பம்பரின் வளைவு எங்கே தொடங்குகிறது, சீட்டின் தையல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையெல்லாம் படத்தில் பார்ப்பது வேறு, பக்கத்தில் நின்று பார்ப்பது வேறு.

முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

பெட்டி இறங்கியதும் எல்லோருக்கும் கை பரபரக்கும். பழைய பெயின்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசாக அடித்துவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் நிற்க வேண்டும். இந்த வேலையில் எடுக்கிற முடிவுகளில் திருப்பிக்கொள்ள முடியாத முடிவு இது ஒன்றுதான். பட்டி சரியாக உட்காராவிட்டால் மறுபடி தேய்க்கலாம். நிறம் பிடிக்காவிட்டால் மறுபடி அடிக்கலாம். எடுத்த பழைய பெயின்டை மட்டும் யாராலும் திரும்ப வைக்க முடியாது.

நிக்கி டாய்ஸ் விஷயத்தைப் பாருங்கள். அது கிட் இல்லை, உலோகத்தில் வார்த்த சின்னக் கார். இங்கிலாந்தில் டிங்கி கார்களைச் செய்துவந்த மெக்கானோ நிறுவனம், தனக்கு வேண்டாத சில அச்சுகளை 1960-களின் கடைசியில் கல்கத்தாவுக்கு விற்றது. அடித்தட்டில் இருந்த டிங்கி என்ற பெயரை மழித்துவிட்டு 'நிக்கி' என்ற பெயரில் அதே கார்கள் இங்கே வந்தன. டிங்கியின் ட்ரையம்ப் கார் ஒன்று, நம் சென்னைக்குப் பக்கத்தில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பெயரைச் சூட்டிக்கொண்டது. வார்ப்பு கொஞ்சம் கரடுமுரடு, பெயின்ட் கொஞ்சம் மட்டம். 'இதை ஒழுங்காக அடித்து வைக்கலாமே' என்று நினைக்க வைக்கிற லட்சணம். ஆனால், இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் தேடுவது அந்த மட்டமான பெயின்டைத்தான். அழகாக மறுபெயின்ட் அடித்த நிக்கி கார், அவர்கள் கணக்கில் பாதி செத்த கார்.

கிட்டுக்கு இதே கணக்கு அப்படியே பொருந்தாது. தொடாத, முழுப் பெட்டியாக இருக்கிற பழைய கிட் என்றால் கை வைக்கும் முன் நன்றாக யோசிக்க வேண்டும். பாதி ஒட்டிய கிட்டுக்குச் சந்தையில் பெரிய மதிப்பு இருக்காது, தாராளமாகக் கை வைக்கலாம். ஆனால் அந்தப் பாதியை ஒட்டியது யார்? அப்பாவோ, இப்போது இல்லாத தாய்மாமாவோ பத்து வயதில் ஒட்டியது என்றால், கதவில் பசையோடு பதிந்துபோன விரல் ரேகை அவருடையது. கோணலாக ஒட்டிய நம்பர் ஸ்டிக்கரும் அவருடையது. அதைக் கழுவிப் பளபளப்பாக்குவதற்குமுன் வீட்டில் இருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. நடுவழி ஒன்றும் இருக்கிறது: பாடியை அப்படியே விட்டுவிட்டு, உடைந்ததை மட்டும் ஒட்டி, தூசியை மட்டும் தட்டி, காணாமல் போன சக்கரத்தை மட்டும் செய்து மாட்டி நிறுத்துவது. பல நேரங்களில் அதுவே போதும்.

எப்படி முடிவெடுத்தாலும் முதல் வேலை போட்டோ. எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுங்கள். விளக்கத் தாளையும், தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற டீகால் தாளையும் ஸ்கேன் செய்துவிடுங்கள். பழைய டீகால் தண்ணீரில் விழுந்ததும் சுக்குநூறாகச் சிதறும் குணம் உள்ளது. ஸ்கேன் இருந்தால் டீகால் பேப்பரில் மறுபடி அச்சடிக்கலாம். வீட்டுப் பிரின்டரில் வெள்ளை மை கிடையாது என்பதால் வெள்ளை எழுத்துக்கு வெள்ளை டீகால் பேப்பர்தான் வாங்க வேண்டும். ஒரிஜினலையே பயன்படுத்த ஆசை என்றால், தேவையில்லாத ஒரு துண்டை நனைத்துப் பாருங்கள். உடைந்தால், மீதித் தாள்மீது கிளியர் லாக்கரை மெல்லிசாக ஸ்பிரே செய்து, காயவிட்டு, ஒவ்வொன்றையும் ஓரத்தை ஒட்டி வெட்டி எடுங்கள். மஞ்சள் பூத்திருந்தால் ஜன்னல் கண்ணாடியில் சில நாட்கள் வெயில் படும்படி ஒட்டி வைத்தாலே வெளுத்துவிடும்.

தின்னர் பக்கம் போகாதீர்கள்

பழைய பெயின்டை எடுப்பது என்று முடிவாகிவிட்டது. பெயின்டை எடுக்கத் தின்னர் என்பது நமக்குத் தெரிந்த வழி. டிங்கரிங் பட்டறையில் கேட்டால் ஒரு பாட்டில் ஊற்றியும் கொடுப்பார்கள். வாங்காதீர்கள். நிஜக் காரின் தகரத்துக்குத் தின்னர் ஒன்றும் செய்யாது. மாடல் கிட் பாலிஸ்டைரின் பிளாஸ்டிக். பெயின்டோடு சேர்த்து பாடியும் வெண்ணெய் மாதிரி இளகிவிடும். நெயில் பாலிஷ் எடுக்கிற அசிட்டோனும் அப்படியே.

எனாமல் பெயின்டுக்கு வண்டியின் பிரேக் ஆயில் போதும். டாட் 3 வகை பிரேக் ஆயிலில் பாடியை ஓர் இரவு ஊறவிட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் பெயின்ட் தோலாக உரியும். அக்ரிலிக் பெயின்டுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். கொரோனா காலத்துக்குப் பிறகு இந்தப் பெயர் எல்லோருக்கும் பழக்கம்தான். எதுவாக இருந்தாலும் கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். கையுறை அவசியம். ஊறவைத்த பிரேக் ஆயிலைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. பம்பர், வீல்கப்பில் இருக்கிற குரோம் பூச்சு உரிந்து அசிங்கமாக இருந்தால் துணி வெளுக்கிற பிளீச்சிங் திரவத்தில் போடுங்கள், சீக்கிரமே கரைந்துவிடும். அதோடு கழிப்பறை கழுவுகிற ஆசிட்டை மட்டும் தப்பித் தவறியும் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் விஷவாயு கிளம்பும். இந்தக் கட்டம் பெரியவர்கள் வேலை, பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கட்டும்.

தப்பாக ஒட்டியதைப் பிரிக்க ஃப்ரீசரே கருவி. டியூப் பசையும் ஃபெவிகுவிக் மாதிரி உடனடிப் பசையும் குளிரில் நொறுங்கும் தன்மை பெறும். சில மணி நேரம் வைத்தெடுத்து, மெல்ல அசைத்தால் பல மூட்டுகள் 'டக்' என்று விடும். (பட்டாணி பாக்கெட்டுக்குப் பக்கத்தில் காரைப் பார்த்து வீட்டம்மா கேட்கிற கேள்விக்குப் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.) மாடலுக்கென்றே விற்கிற திரவப் பசையால் ஒட்டியிருந்தால் விடாது. அது இரண்டு பிளாஸ்டிக்கையும் உருக்கி ஒன்றாக்கிவிடுகிற பசை. அங்கே மெல்லிய ரம்பத்தால் அறுப்பதைத் தவிர வழியில்லை.

இன்னொரு விசித்திரத்தைப் பழைய பெட்டிகளில் பார்க்கலாம். டயர் பட்ட இடத்தில் சக்கரத்தின் ரிம் உருகிக் குழிந்திருக்கும். வெயில் சூடு என்று நினைப்பார்கள். டயரை மெத்தென்று வைத்திருக்கப் பி.வி.சி-யில் கலந்த வேதிப்பொருள் வருடக்கணக்கில் கசிந்து, பாலிஸ்டைரினைத் தின்ற தழும்பு அது. திரும்பப் பூட்டும்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு சுற்று அலுமினியத் தாள் வைத்தால் தப்பிக்கலாம்.

ஃபவுண்டரிக்காரருக்குத் தெரிந்த வித்தை

மாடல் காரின் கூரையிலும் முன்பக்க வளைவிலும் மயிரிழை போல ஒரு கோடு மேடாக ஓடும். அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடம். கோவையில் ஃபவுண்டரி பக்கம் போய் வந்த யாரும் பார்த்த உடனே 'பார்ட்டிங் லைன்' என்பார்கள். பம்ப் வார்ப்பிலும் அதேதான், பொம்மைக் காரிலும் அதேதான். நிஜக் காரில் இந்தக் கோடு இருக்காது என்பதால் முதலில் இதைத் தேய்த்து எடுக்க வேண்டும். பல பேர் விட்டுவிடுகிற வேலை இது. பெயின்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் 'இது பிளாஸ்டிக்' என்று காட்டிக்கொடுப்பது இந்தக் கோடுதான்.

காணாமல் போன பாகத்துக்கும் ஃபவுண்டரி வித்தையே கைகொடுக்கும். நான்கு சக்கரத்தில் மூன்று இருக்கிறதா? ஒன்றைப் பேட்டர்னாக வைத்து, சிலிக்கான் ரப்பரில் அச்செடுத்து, ரெசின் ஊற்றினால் நான்காவது தயார். மணலுக்குப் பதில் சிலிக்கான், உருக்கிய இரும்புக்குப் பதில் ரெசின், அவ்வளவுதான் வித்தியாசம். கம்ப்யூட்டரில் வரைந்து முப்பரிமாணப் பிரின்டரில் எடுக்கிறவர்களும் உண்டு. நகல் எடுக்க ஒன்றுகூட மிச்சமில்லாத பாகத்துக்கு அதுவே வழி.

கருவிகளுக்கு ஆன்லைனில் அலைய வேண்டியதில்லை. இது நகை செய்கிற ஊர். தங்க ஆசாரிகளுக்கான கருவிக் கடையில் கிடைக்கிற சாமணம், ஊசி அரம், மெல்லிய ரம்ப பிளேடு, கையால் திருகுகிற குட்டி டிரில் எல்லாமே மாடல் வேலைக்கு அளந்து செய்தவை போல இருக்கும். விரிசலை அடைக்க எம்-சீல் போதும், ஈர விரலால் நீவிவிட்டுக் காய்ந்ததும் தேய்க்கலாம். ஆட்டோமொபைல் கடை பட்டியையும் பூசலாம், ஆனால் ரொம்ப மெல்லிசாக. அதில் இருக்கிற கரைப்பானும் பிளாஸ்டிக்கைக் கடிக்கும். ஆன்டெனா வேண்டுமா? பாகங்கள் ஒட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவத்திக்கு மேலே காட்டி, இளகியதும் இரண்டு பக்கமும் இழுத்தால் நூல் மாதிரி கம்பி வரும். பழுதான இயர்போன் ஒயருக்குள் இருக்கிற செம்பு இழைகள் இன்ஜினுக்கு ஒயரிங் ஆகும். கீறல் விழுந்த ஜன்னல் கண்ணாடியை 2000-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரால் ஈரத்தோடு தேய்த்து, பற்பசையால் மெருகேற்றினால் கண்ணாடி மறுபடி கண்ணாடியாகும்.

பெயின்டுக்கும் ஸ்கேல் உண்டு

புதிதாகச் செய்கிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். நிஜக் காரில் ஃபேக்டரி பெயின்டின் கனம் சுமார் 120 மைக்ரான், அதாவது 0.12 மில்லிமீட்டர். காரை 24-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் பெயின்டும் சுருங்க வேண்டுமே? கணக்குப்படி 5 மைக்ரான்தான் இருக்கலாம். அவ்வளவு மெல்லிசாக யாராலும் அடிக்க முடியாது. பிரைமர், நிறம், கிளியர் என மூன்று அடுக்கு சேர்ந்தால் 50 மைக்ரானைத் தாண்டிவிடும். அதைத் திருப்பிப் பெருக்கினால் நிஜக் காரில் 1.2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கனம். சுவருக்குப் பூசுகிற கனம் அது!

கதவு இடுக்கு நிஜக் காரில் ஐந்து மில்லிமீட்டர் என்றால் மாடலில் 0.2 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் 50 மைக்ரான் பெயின்ட் ஏறினால் இடுக்கில் பாதி அடைந்துபோகும். கதவு இருக்கிற இடமே தெரியாமல் சோப்புக்கட்டி போல ஒரு கார் நிற்கும். அதனால்தான் அனுபவசாலிகள் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே கதவுக் கோடுகளை ஊசியால் ஆழப்படுத்திக்கொள்கிறார்கள். பிரஷ்ஷை ஒதுக்கிவிட்டு ஏர் பிரஷ்ஷில் மூடுபனி போலப் பல தடவை அடிக்கிறார்கள். மெட்டாலிக் பெயின்டில் மின்னுகிற துகளுக்கும் இதே கணக்குத்தான். நிஜக் காருக்கான மெட்டாலிக்கை மாடலில் அடித்தால் ஜிகினா தூவியது மாதிரி இருக்கும்.

நாள் பார்ப்பதும் முக்கியம், பஞ்சாங்கத்தில் இல்லை, வானத்தில். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசுகிற காற்று கோவைக்குச் சுகம், ஈரப் பெயின்டுக்கு எமன். அம்மியையே பறக்கவிடுகிற காற்று என்று பெயர் வாங்கியது, தூசியையா விட்டுவைக்கும்? மழை ஈரத்தில் லாக்கர் அடித்தால் வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். காற்றோட்டமான அறை, முகமூடி, அடித்த உடனே மூடிவைக்க ஒரு பெரிய டப்பா, இந்த மூன்றும் இருந்தால் பாதி வெற்றி. கார் பட்டறைகளில் புழங்குகிற, ஹார்டனர் கலக்கிற டூ-கே கிளியரை வீட்டுக்குள் அடிக்கவே கூடாது. அதில் இருக்கிற ஐசோசயனேட் நுரையீரலைப் பதம் பார்க்கும்.

கடையில் கிடைக்காத கார்

பழையதைப் பழையபடி ஆக்குவது ஒரு ருசி. கடையில் கிடைக்காததைச் செய்வது இன்னொரு ருசி. கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இங்கே நிறைய வேலை இருக்கிறது. உலகப் பெரிய கம்பெனிகள் அச்சு போடுகிற பட்டியலில் நம் சாலைகளில் ஓடியவை அதிகம் இல்லை.

வால்பாறை எஸ்டேட் ரோட்டிலும் ரேலிகளிலும் ஓடிய மாருதி ஜிப்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். அது சுசுகி ஜிம்னியின் உடன்பிறப்பு. ஜப்பானின் ஹசேகாவா நிறுவனம் பழைய ஜிம்னி ஒன்றை 1/24 அளவில் கிட்டாகப் போட்டிருக்கிறது. பச்சை அடித்து ஜிப்ஸி என்று சொல்லிவிடலாமா? தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அந்த ஜிம்னியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2,030 மில்லிமீட்டர். ஜிப்ஸிக்கு 2,375. வித்தியாசம் 345 மில்லிமீட்டர். 24-ஆல் வகுத்தால் 14 மில்லிமீட்டரும் சொச்சமும். சேஸிஸையும் பாடியையும் கதவுக்குப் பின்னால் குறுக்கே அறுத்து, 14 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடு வைத்து நீட்டி, பட்டி பார்த்துத் தேய்த்தால்தான் ஜிப்ஸியின் முதுகு வரும். ஒரு விரல் அகலத்துக்காக ஒரு மாத வேலை. கிட்டை ரம்பத்தால் அறுக்கிற அந்த முதல் நிமிடத்துக்கு நெஞ்சுத் துணிச்சல் வேண்டும்.

இன்னும் துணிந்தவர்களுக்குக் கரிவர்தன் காத்திருக்கிறார். கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவர்தன், மாருதி 800 இன்ஜினை வைத்து 1980-களின் கடைசியில் ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களைக் கட்டி, சாதாரணமாகக் கனவுகூடக் காண முடியாத இளைஞர்களை ஒற்றை இருக்கைக் காரில் உட்கார வைத்தவர். 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிப்பாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அவருடைய கார் எந்தப் பெட்டியிலும் வராது. உதிரி பாகங்களுக்காக உடைந்த பழைய ஒற்றை இருக்கை ரேஸ் கார் கிட் ஒன்றை வாங்கி, போட்டோக்களைப் பார்த்து மூக்கையும் பக்கவாட்டையும் பிளாஸ்டிக் தகட்டில் புதிதாக வெட்டித்தான் செய்தாக வேண்டும்.

நரேன் கார்த்திகேயன் விஷயத்தில் நிலைமை பரவாயில்லை. ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான அவர், 2005-ல் ஜோர்டன் அணியின் 19-ஆம் எண் காரில் இறங்கினார். அந்த வருடம் ஜூன் 19 அன்று இண்டியானாபொலிஸில் டயர் பிரச்னையால் 14 கார்கள் விலகி, ஆறே கார்கள் ஓடிய அமெரிக்கப் போட்டியில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் எடுத்தார். டமியாவில் ஒரு ஜோர்டன் கிட் இருக்கிறது, 1/20 அளவில். ஆனால் அது 1991-ஆம் வருடத்து ஜோர்டன் 191, ஷூமாக்கர் அறிமுகமான கார், பச்சை நிறம். மஞ்சள் அடித்து 19 ஒட்டினால் நரேன் கார் ஆகிவிடாது. 14 வருடத்தில் மூக்கு, இறக்கை, சக்கரம் எல்லாமே மாறிவிட்டன. அணியின் பெயர் மட்டும்தான் ஒன்று. இந்த மாதிரி நேரத்தில் மாற்றிச் செய்கிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். நிஜத்தில் இருந்த கார் மட்டும்தான் என்பது ஒரு கட்சி. என் அலமாரி, என் கார் என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்காரர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

எந்தக் கட்சியாக இருந்தாலும், எல்லாம் முடிந்து கடைசியாக ஒட்டுவது நம்பர் பிளேட். 50 சென்டிமீட்டருக்கு 12 சென்டிமீட்டர் நிஜப் பிளேட், 24-ல் ஒரு பங்காகும்போது நீளம் 21 மில்லிமீட்டர், உயரம் 5 மில்லிமீட்டர். கோவை என்றால் டிஎன் 37, 38, 66, 99. பொள்ளாச்சி என்றால் 41, ஈரோடு என்றால் 33. அதற்குப் பிறகு வருகிற நான்கு இலக்கத்துக்கு விளக்கத் தாளில் பதில் கிடையாது. வீட்டில் முதன்முதலாக வாங்கிய வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்.